சிஃபுன்னா யாரு? குங்ஃபூ உலகத்தின் பட்டங்களும் வாரிசுச் சண்டைகளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் நேயர் ஒருத்தர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அவர் சொன்னதோட சுருக்கம் இதுதான்: மூணு வருஷமா விங் சுன் கத்துக்கறார். இப்போ மாஸ்டர் அவரைக் கூப்பிட்டு, "உன்னை முறைப்படி சீடனா ஏத்துக்கறேன், அதுக்கு ஒரு சடங்கு இருக்கு, ஒரு தொகையும் ஆகும்"னு சொல்லியிருக்கார். அந்த மாஸ்டர் தன்னை அந்தக் கலையோட "பரம்பரைத் தலைவர்"னு அறிமுகப்படுத்திக்கிறார். நேயரோட கேள்வி, "இது சீனாவுல நிஜமாவே இருக்கிற மரபா, இல்ல நம்மகிட்ட பணம் கறக்கிற வேலையா?"

நல்ல கேள்வி. ஒரே வரியில பதில் சொல்ல முடியாது. மரபு நிஜம்தான். ஆனா அந்த மரபை வச்சு ஏமாத்துறதும் ரொம்பப் பழைய வேலை. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும்னா, இந்தப் பட்டங்கள் எங்கிருந்து வந்தது, எதுக்கு வந்ததுன்னு தெரியணும். அதுதான் இன்னைக்கு எபிசோட்.

அப்பாங்கிறது பதவி இல்ல

முதல்ல "சிஃபு". குங்ஃபூ பாண்டா பார்த்த எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை. அங்க அது அந்தக் குட்டி மாஸ்டரோட பேர் மாதிரியே ஆயிடுச்சு. கான்டனீஸ் மொழியில சிஃபு, மாண்டரின்ல ஷிஃபு. இதுக்கு ரெண்டு எழுத்து. முதல் எழுத்துக்கு ஆசிரியர்னு அர்த்தம். ரெண்டாவது எழுத்துக்கு அப்பான்னு அர்த்தம். ஆசிரியத் தந்தை.

இதே உச்சரிப்புல, ரெண்டாவது எழுத்து மட்டும் வேற மாதிரி எழுதற இன்னொரு சொல்லும் இருக்கு. அது கைத்தொழில் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுற மரியாதைச் சொல். டாக்ஸி டிரைவர், சமையல்காரர், குழாய் ரிப்பேர் பண்றவர் எல்லாரும் ஷிஃபுதான். நாம மெக்கானிக்கை "மாஸ்டர்"னோ "தலைவரே"ன்னோ கூப்பிடுற மாதிரி. காதால கேட்டா ரெண்டும் ஒண்ணு, எழுதிப் பார்த்தாத்தான் வித்தியாசம்.

இங்க முக்கியமான விஷயம் என்னன்னா, தந்தை அர்த்தம் வர்ற அந்த சிஃபு ஒரு பட்டமே இல்ல. அது ஒரு உறவு. ஒருத்தர் உங்களுக்கு அப்பாவா இருக்கலாம், அதுக்காக ஊருக்கே அப்பா ஆயிட மாட்டார். "நான் சிஃபு"ன்னு ஒருத்தர் விசிட்டிங் கார்டு அடிக்கிறது, "நான் அப்பா"ன்னு கார்டு அடிக்கிற மாதிரிதான். யாருக்கு அப்பான்னு அடுத்த கேள்வி வரணும் இல்லையா?

அப்பா இருந்தா மத்த சொந்தமும் வரணுமே. வருது. ஆசிரியரோட மனைவி சிமோ, ஆசிரியத் தாய். ஆசிரியரோட ஆசிரியர் சிகுங், தாத்தா. உங்களுக்கு முன்னாடி சேர்ந்தவர் சிஹிங், அண்ணன். பின்னாடி சேர்ந்தவர் சிதாய், தம்பி. அக்காவுக்கும் தங்கைக்கும் தனிச் சொல் உண்டு. உங்க ஆசிரியருக்கு முன்னாடி அதே குருகிட்ட சேர்ந்தவர் சிபாக். பின்னாடி சேர்ந்தவர் சிசுக்.

இதை இங்கிலீஷ்ல விளக்கறவங்க ரெண்டு பேரையும் அங்கிள்னு சொல்லிட்டு, அப்புறம் அரைப் பக்கம் விளக்கம் எழுதுவாங்க. நமக்கு அந்தக் கஷ்டமே இல்ல. சிபாக்னா பெரியப்பா, சிசுக்னா சித்தப்பா. முடிஞ்சுது.

இதுல ரெண்டு விதி சுவாரசியமானது. ஒண்ணு, வயசு கணக்கே இல்ல, சேர்ந்த தேதிதான் கணக்கு. நாப்பது வயசுல நீங்க சேர்ந்தா, உங்களுக்கு முந்தின வருஷம் சேர்ந்த காலேஜ் பையன் உங்களுக்கு அண்ணன். சாகற வரைக்கும் அண்ணன். ரெண்டு, ஆசிரியர் பெண்ணா இருந்தாலும் அவங்க சிஃபுதான். எழுத்துல தந்தை இருந்தாலும் அந்த இடத்துக்கு வர்றவங்களுக்கு அந்தச் சொல் போயிடும். அவங்க கணவருக்குத்தான் வேற சொல்.

புரூஸ் லீ கதை இதுக்கு நல்ல உதாரணம். ஹாங்காங்ல டீனேஜரா இருக்கும்போது அவர் இப் மேன்கிட்ட விங் சுன் கத்துக்கிட்டார், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அவருக்கு நிறைய சொல்லிக் கொடுத்தது வோங் ஷுன் லியுங்ங்கிற மூத்த மாணவர். ஆசிரியர் அடிப்படையைக் காட்டுவார், அண்ணன்தான் பக்கத்துல நின்னு தினமும் திருத்துவார். பழைய பயிற்சிக் கூடங்கள்ல இதுதான் சகஜம். அப்போ புரூஸ் லீயோட சிஃபு யாரு? இப் மேன்தான். வோங்? அண்ணன். சொல்லிக் கொடுத்தாலும் அண்ணன் அண்ணன்தான். புரூஸ் லீ உலகப் புகழ் அடைஞ்ச பிறகும் அந்த வரிசை மாறல. குடும்பத்துல தம்பி கலெக்டர் ஆனாலும் அண்ணன் அண்ணன்தானே.

மாணவர் வேற, சீடர் வேற

இப்போ நேயர் கேட்ட சடங்குக்கு வருவோம். அதுக்கு மாண்டரின்ல பாய்ஷின்னு பேர். ஆசிரியரை வணங்கி ஏத்துக்கிறதுன்னு அர்த்தம். இது நிஜமா இருக்கிற சடங்கு, இன்னைக்கும் நடக்குது.

பணம் கட்டி கிளாஸுக்கு வர்றவங்க எல்லாம் மாணவர்கள். அவங்கள்ல சிலரை மட்டும் ஆசிரியர் சீடரா ஏத்துக்குவார். அறைக்குள்ள வந்த சீடர்னு இவங்களுக்கு ஒரு பேர் உண்டு. வாசல்ல நின்னு கத்துக்கிறவன், வீட்டுக்குள்ள வந்தவன்னு வித்தியாசம். கடைசியா ஏத்துக்கிட்ட சீடருக்குக் கதவடைச்ச சீடர்னு பேர். இவருக்குப் பிறகு கதவு மூடியாச்சு, இனிமே யாரையும் எடுக்கறதில்லன்னு அர்த்தம். இந்தச் சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தகராறுக்கு வரும்.

சடங்குல என்ன நடக்கும்? சீடர் ஆகப்போறவர் ஒரு விண்ணப்ப ஓலை எழுதுவார். என் பேர் இது, ஊர் இது, உங்ககிட்ட சீடரா சேர விரும்பறேன், இந்தந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பேன்னு. அறிமுகம் செஞ்சு வைக்கிறவர் ஒருத்தர் இருப்பார். சாட்சிகள் இருப்பாங்க, பெரும்பாலும் ஆசிரியரோட அண்ணன் தம்பி முறை உள்ளவங்க. முன்னோர் படத்துக்கு ஊதுபத்தி ஏத்தி வணங்குவாங்க. சீடர் மண்டி போட்டு, ஆசிரியருக்கும் அவர் மனைவிக்கும் தேநீர் கொடுப்பார். ஒரு சிவப்பு உறையில பணமும் வைப்பார். ஆசிரியர் அந்தத் தேநீரைக் குடிச்சா ஏத்துக்கிட்டார்னு அர்த்தம்.

ஆமா, பணம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா இது ஒருவழிப் பாதை இல்ல. அந்தத் தேநீரைக் குடிச்ச ஆசிரியர், தனக்குத் தெரிஞ்சதை ஒளிக்காம சொல்லிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். சீடரோட பேர் பரம்பரைப் பட்டியல்ல ஏறும். சீடருக்கோ, வயசான காலத்துல ஆசிரியரைப் பார்த்துக்கிறது, இறுதிச் சடங்குல மகன் மாதிரி நிக்கிறதுன்னு பொறுப்புகள் வரும். ஒரு நாள் ஆசிரியர்னா ஆயுசுக்கும் அப்பான்னு சீனத்துல ஒரு பழமொழியே இருக்கு.

ஏன் இவ்வளவு கெட்டியா ஒரு ஏற்பாடு? சிங் வம்ச காலத்துச் சீனாவை நினைச்சுப் பாருங்க. சண்டைக் கலை அன்னைக்குப் பலருக்குச் சோத்துக்கு வழி. வணிகர்களோட சரக்கை வழிப்பறி ஆகாம கொண்டு போய்ச் சேர்க்கிற காவல் கம்பெனிகள் இருந்தது. பணக்காரர் வீட்டுக் காவல் வேலை இருந்தது. அங்க வேலைக்குப் போனா சர்டிஃபிகேட் கேட்க மாட்டாங்க. "உன் ஆசிரியர் யாரு?"ன்னுதான் கேட்பாங்க. ஆசிரியர் பேர்தான் பாஸ்போர்ட். அதே நேரம், கத்துக்கிட்டவன் ஒரு கொள்ளைக்காரனா மாறினா கெட்ட பேர் ஆசிரியருக்கு. அதனால முன்பின் தெரியாதவனுக்குச் சொல்லித் தர பயம். சொந்தக்காரனுக்குத்தான் தருவோம்னு ஒரு எண்ணம். சொந்தக்காரன் இல்லாதவனைச் சொந்தக்காரன் ஆக்கிக்கிற வழிதான் பாய்ஷி. தத்து எடுக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க.

நான் எத்தனையாவது தலைமுறை?

அடுத்தது, "19ஆவது தலைமுறை வாரிசு" மாதிரி அறிமுகங்கள். நம்பர் பெருசா இருந்தா நல்லதா, சின்னதா இருந்தா நல்லதா?

இதுல ஒரு குழப்பம் இருக்கு. தாய் சியோட ஊரான சென் கிராமத்தை எடுத்துக்கோங்க, ஹெனான் மாகாணத்துல இருக்கு. அங்க சென் குடும்பம் தலைமுறையை எண்றது தாய் சி ஆரம்பிச்ச நாள்ல இருந்து இல்ல. அந்த ஊருக்குக் குடிவந்த மூதாதையர்ல இருந்து. அதனாலதான் 17ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த, கலையைத் தொடங்கினவர்னு அவங்க சொல்ற சென் வாங்டிங்கே 9ஆவது தலைமுறை. 1928ல பெய்ஜிங் போய் இந்தக் கலையை வெளியுலகுக்குக் காட்டின சென் ஃபாகே 17ஆவது. இன்னைக்கு உலகம் சுத்திச் சொல்லித் தர்ற சென் சியாவ்வாங் 19ஆவது. இது குடும்ப மரக் கணக்கு, கலைக் கணக்கு இல்ல.

வேற கலைகள்ல கணக்கு வேற மாதிரி. பாகுவாங்கிற கலையைப் பரப்பினவர் டாங் ஹாய்ச்சுவான். 1882ல பெய்ஜிங்ல இறந்தார். அவர் மரபுல வந்தவங்க, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு எழுத்துன்னு 20 எழுத்து கொண்ட ஒரு வரிசையைக் கல்லறைக் கல்வெட்டுல செதுக்கி வச்சாங்க. முதல் எழுத்து அவர் பேர்ல இருக்கிற ஹாய். அடுத்தடுத்த தலைமுறைச் சீடர்கள் அடுத்தடுத்த எழுத்தை எடுத்துக்கணும்.

ஷாவோலின் கோயில்ல இதே ஏற்பாடு 70 எழுத்து. 13ஆம் நூற்றாண்டு மடாதிபதி ஃபூயூ வகுத்ததா மரபு. அங்க துறவிகள் பேர் எல்லாம் ஷின்னு ஆரம்பிக்கும். அது சாக்கியமுனிங்கிற புத்தர் பேரோட சீன வடிவத்துல இருந்து எடுத்த குடும்பப் பேர். அடுத்த எழுத்துதான் தலைமுறை. தே, அடுத்து சிங், அடுத்து யோங், அடுத்து யென். அதனால ஒரு ஷாவோலின் துறவி தன் பேரைச் சொன்ன உடனே, இன்னொரு துறவிக்கு "இவர் எனக்குச் சித்தப்பா முறை"ன்னு தெரிஞ்சிடும்.

மடாதிபதி பதவி வேற, இந்த உறவு வேற. 2025 ஜூலைல ஷாவோலின் மடாதிபதி ஷி யோங்சின் மேல நிதி முறைகேடு தொடர்பா விசாரணை நடக்குதுன்னு கோயிலே அறிவிச்சது. சில நாள்லயே லுவோயாங் வெள்ளைக் குதிரைக் கோயில்ல இருந்து ஷி யின்லே புது மடாதிபதியா வந்தார். பதவி கைமாறிடுச்சு. ஆனா எந்தத் துறவியோட தலைமுறை எழுத்தும் அதனால மாறல. பதவியை மேலிருந்து கொடுக்கலாம், பறிக்கலாம். உறவை அப்படிப் பண்ண முடியாது.

நம்பர் கேள்விக்குப் பதில்: தலைமுறை எண் திறமையைச் சொல்றதே இல்ல. தூரத்தை மட்டும்தான் சொல்லுது. ஒரு கிழவர் 85 வயசுல ஒரு 20 வயசுப் பையனைச் சீடனா எடுத்தா, அவன் தன்னைவிட முப்பது வயசு மூத்தவங்களுக்குச் சித்தப்பா ஆயிடுவான். இதை வச்சு விளையாடறவங்களும் உண்டு. ஒருத்தர்கிட்ட இருபது வருஷம் கத்துக்கிட்டு, கடைசியில அவரோட குரு தலைமுறைல உயிரோட இருக்கிற ஒரு முதியவர்கிட்ட ஒரு கப் தேநீர் கொடுத்துட்டு ஒரு படி ஏறிக்கிறது. கத்துக்கிட்டது ஒருத்தர்கிட்ட, பேர் இன்னொருத்தர்கிட்ட.

கதவைப் பிடிச்சிருக்கிறவர்

இப்போ பெரிய பட்டம். ஜாங்மென்ரென். கதவைக் கையில வச்சிருக்கிறவர்னு நேரடி அர்த்தம். ஒரு கலைக்கோ கட்சிக்கோ தலைவர். நம்ம நேயரோட மாஸ்டர் தன்னைச் சொல்லிக்கிறது ஏறக்குறைய இதைத்தான்.

இந்தப் பட்டத்தைப் பத்தி நம்ம மனசுல இருக்கிற படம், ஒரே ஒரு தலைவர், அவர் கையில ஒரு அடையாளப் பொருள், சாகும்போது அதை ஒரே ஒரு வாரிசுக்குக் கொடுக்கிறார். இந்தப் படத்தை வளர்த்ததுல நாவல்களுக்குப் பெரிய பங்கு. ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங்கோட கதைகள்ல பிச்சைக்காரர் சங்கத் தலைவர்னா கையில ஒரு பச்சைக் கோல் இருக்கும், நாயடிக்கிற கோல். அது யார் கையில இருக்கோ அவர்தான் தலைவர். படிக்க அருமையா இருக்கும்.

இந்த யோசனைக்கு இன்னும் பழைய வேர் புத்த மதத்துல இருக்கு, அங்கதான் நம்ம ஊர் பேரும் வருது. 7ஆம் அறிவு பார்த்தவங்களுக்கு போதிதர்மரைத் தெரியும். சீன ஜென் மரபு அவரைத் தன்னோட முதல் குரு முதல்வரா எண்ணுது. அவர்ல இருந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர்னு ஆறு பேர். குரு தன்னோட அங்கியையும் திருவோட்டையும் வாரிசுக்குக் கொடுப்பார். இன்னைக்கும் சீனத்துல ஒருத்தரோட கலை வாரிசுன்னு சொல்ல, அங்கியும் ஓடும் வாங்கினவர்னுதான் சொல்றாங்க. ஆறாவது குரு ஹுய்நெங் கதைல என்ன நடக்குதுன்னா, அங்கிக்காக அவரைத் துரத்தறாங்க, அவர் ஓடி ஒளிய வேண்டி வருது. கடைசியில அவர், இனிமே அங்கியைக் கைமாத்த வேண்டாம்னு நிறுத்திடறார். அவருக்குப் பிறகு மரபு பல கிளையாப் பிரிஞ்சு வளருது. ஒற்றை வாரிசுங்கிற யோசனையோட சிக்கலை அந்தக் கதையே சொல்லிடுது.

ஆனா ஒண்ணு சொல்லணும், சிலருக்குக் கோபம் வரலாம். போதிதர்மர் ஷாவோலின்ல சண்டைக் கலை சொல்லிக் கொடுத்தார்ங்கிறதுக்கு அந்தக் காலத்து ஆதாரம் இல்ல. ஷாவோலின் துறவிகள் 621ல போர்ல இறங்கி, பின்னாளில் பேரரசரான லி ஷிமின் பக்கம் நின்னதுக்குக் கோயில்லயே 728ஆம் வருஷக் கல்வெட்டு இருக்கு. அதுல போதிதர்மர் சண்டைக் கலை சொல்லிக் கொடுத்ததாப் பேச்சே இல்ல. அந்த இணைப்பு 17ஆம் நூற்றாண்டுல எழுதின தசைநார் மாற்றும் நூல் வழியா வந்தது. டாங் ஹாவ்ங்கிற சீன வரலாற்றாளர் 1930லயே இதை எழுதிட்டார். பரம்பரைப் பட்டியல்கள் எல்லாத்துலயும் இது நடக்கும். கீழ்ப் பகுதி கெட்டியா இருக்கும். மேல போகப் போக ஒரு பெரிய மனுஷர் பேர் வந்து உட்கார்ந்துக்கும்.

நிஜ உலகத்துல, பெரிய கலைகள்ல பெரும்பாலானதுக்கு எல்லாரும் ஏத்துக்கிட்ட ஒற்றைத் தலைவர் கிடையாது. டாங் ஹாய்ச்சுவான் போன பிறகு யின் ஃபூ ஒரு கிளை, செங் டிங்ஹுவா ஒரு கிளைன்னு பிரிஞ்சது. சென் குடும்பத்துக்கிட்ட கத்துக்கிட்ட வெளியாள் யாங் லூச்சான், யாங் தாய் சின்னு தனிக் கிளைக்கு மூதாதையர் ஆனார்.

எல்லாத்தையும்விடத் தெளிவான கேஸ், இப் மேன்.

இப் மேன் விட்டுட்டுப் போனது

இப் மேன் பிறந்தது 1893ல, ஃபோஷான் நகரத்துல, வசதியான குடும்பம். சின்ன வயசுல சான் வா ஷுன்கிட்ட சேர்ந்தார். சான் காசு மாத்திக் கொடுக்கிற தொழில் பண்ணவர், அதனால பட்டப் பேரே காசுக்கார வா. அவரோட கடைசிச் சீடர் இப் மேன்னு சொல்வாங்க. அதாவது கதவடைச்ச சீடர். சான் கொஞ்ச காலத்துல இறந்துட்டதால, மீதியைச் சொல்லிக் கொடுத்தது இங் சுங் சோங்கிற அண்ணன் முறைக்காரர்.

கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த சமயத்துல ஹாங்காங்குக்கு வந்துட்டார். சொத்து போச்சு. 1950ல கவுலூன்ல ஓட்டல் தொழிலாளர் சங்கத்துல கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு 50 வயசுக்கு மேல. அடுத்த இருபது வருஷத்துல ஓட்டல் தொழிலாளி, பஸ் ஊழியர், பள்ளிக்கூடப் பையன்னு பலரும் அவர்கிட்ட வந்தாங்க. 1967ல அவரும் மாணவர்களும் சேர்ந்து ஹாங்காங்ல விங் சுன் சங்கம் ஒண்ணைப் பதிவு பண்ணாங்க. 1972ல, உடம்பு சரியில்லாத நிலைமையிலும், தன் பயிற்சி வரிசைகளைச் செஞ்சு காட்டி 8 எம்எம் ஃபிலிம்ல பதிவு பண்ண வச்சார். அந்த வருஷம் டிசம்பர்ல இறந்தார்.

எல்லாரும் ஏத்துக்கிற மாதிரி ஒரு வாரிசை அவர் அறிவிக்கல. சங்கம் இருந்தது, மகன்கள் ரெண்டு பேர் இருந்தாங்க, மூத்த மாணவர்கள் இருந்தாங்க. கோல் யார் கையிலயும் கொடுக்கல.

அப்புறம் என்ன ஆச்சு? அடுத்த வருஷம் ஜூலைல புரூஸ் லீ இறந்துட்டார். குங்ஃபூ மோகம் உலகம் பூரா பத்திக்கிச்சு. புரூஸ் லீ கத்துக்கிட்ட கலைன்னா காசு. ஒருத்தர், நான்தான் கதவடைச்ச சீடர்னார். இன்னொருத்தர், மத்தவங்களுக்கு மாத்திச் சொல்லிக் கொடுத்தார், அசல் வடிவம் எனக்கு மட்டும்தான் தெரியும்னார். 1986ல ஜெர்மனியோட கொலோன் நகரத்துல, வில்லியம் சியுங் நடத்தின பயிற்சி முகாமுக்குள்ள, போட்டிக் கிளையைச் சேர்ந்த இளைஞர் எமின் போஸ்தெப்பே போய்ச் சவால் விட்டார். ரெண்டு பேரும் தரையில உருண்டாங்க. வீடியோ இன்னைக்கும் யூடியூப்ல இருக்கு. பார்த்தா உங்களுக்கு விங் சுன் ஞாபகமே வராது, டீக்கடை வாசல் சண்டை மாதிரிதான் இருக்கும். ஒரே தாத்தாவோட வாரிசுகள், தாத்தா சொத்துக்காகச் சண்டை போட்டாங்க.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. கதவுக்கு ஒரு காவலாளி இல்லாததாலதான் விங் சுன் எல்லா ஊருக்கும் போச்சு. அனுமதி கேட்க ஆள் இல்ல, தடுக்கவும் ஆள் இல்ல. ஒரே தலைவர் இருந்திருந்தா தரம் ஒரே மாதிரி இருந்திருக்கலாம், ஆனா இன்னைக்கு நம்ம நேயர் தன் ஊர்ல உட்கார்ந்து அதைக் கத்துக்கிட்டிருப்பாரான்னு சந்தேகம்தான். அவரை ஏமாத்த வாய்ப்பு இருக்கிறதுக்கும், அவருக்கு அந்தக் கலை கிடைச்சதுக்கும் காரணம் ஒண்ணேதான்.

பட்டத்தை ஒழிக்கப் பார்த்தவங்க

இந்தக் குடும்ப ஏற்பாட்டை மாத்த நூறு வருஷமா முயற்சி நடக்குது. 1910ல ஷாங்காய்ல ஹுவோ யுவான்ஜியா பேரோட சேர்ந்த சின் வூ சங்கம் ஆரம்பிச்சது. ரகசியம் வேண்டாம், பல கலைகளையும் ஒரே கூரைக்குக் கீழ எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்போம், பெண்களுக்கும்தான்னு இறங்கினாங்க. கோலாலம்பூர்ல இருக்கிற சின் வூ ஸ்டேடியம் இந்த மரபோட கிளைதான், மலேசிய நேயர்களுக்குத் தெரிஞ்ச இடம். 1928ல நான்ஜிங்ல அரசே மத்தியக் கழகம் தொடங்கி, தேசியத் தேர்வு வச்சது. 1998ல மக்கள் சீனம் ஒன்பது படி தரவரிசை கொண்டு வந்தது. முதல் மூணு படி கழுகு, நடு மூணு புலி, கடைசி மூணு டிராகன். அப்புறம் பண்பாட்டு மரபுச் சட்டம் வழியா பிரதிநிதி வாரிசுன்னு ஒரு அரசுப் பட்டம். இது ஜாங்மென்ரென் மாதிரி தோணும், ஆனா ஒரு கலைக்குப் பல பேர் இருக்கலாம், சொல்லிக் கொடுக்கிற கடமையைச் செய்யலைன்னா எடுத்துடவும் முடியும்.

2017ல ஒரு திருப்பம். எம்எம்ஏ வீரர் ஷூ சியாவ்டோங் ஒரு தாய் சி மாஸ்டரைச் சில விநாடிகள்ல அடிச்சு வீழ்த்தின வீடியோ பரவிச்சு. 2020 மே மாசம், தன்னை ஒரு கலையோட ஜாங்மென்ரென்னு சொல்லிக்கிட்ட 69 வயசு மா பாவ்குவோ, ஒரு அமெச்சூர் வீரர்கிட்ட ஏறக்குறைய 30 விநாடிக்குள்ள மூணு தடவை விழுந்தார். சீன இணையம் முழுக்க மீம். ஜூலைல சீன வூஷூ சங்கம் ஒரு அறிக்கை விட்டுச்சு: யாரும் தன்னைத்தானே மகா குரு, ஜாங்மென், அசல், நேரடி வாரிசுன்னு பட்டம் சூட்டிக்கக் கூடாது. பட்டத்தை உருவாக்கின நாடே, அதை நீயா போட்டுக்காதன்னு சொல்ற நிலைமை.

சரி, நேயருக்கு என்ன பதில்?

நண்பா, என்னால உங்க மாஸ்டரைத் தீர்ப்பு சொல்ல முடியாது, எனக்கு அவரைத் தெரியாது. ஆனா மரபை வச்சே மரபைச் சோதிக்கலாம்.

முதல்ல, மேல பார்க்காதீங்க, பக்கவாட்டுல பாருங்க. எல்லாரும் பட்டியலைக் காட்டி, "என் குருவோட குருவோட குரு"ன்னு மேல போவாங்க. செத்தவங்க சாட்சி சொல்ல வர மாட்டாங்க. உங்க மாஸ்டரோட அண்ணன் தம்பி முறை உள்ளவங்க யார், எங்க இருக்காங்கன்னு கேளுங்க. அவங்ககிட்ட விசாரிங்க. "ஆமா, அவன் எங்க தம்பிதான், கூடவே கத்துக்கிட்டான்"னு அவங்க சொன்னா, அதுதான் நிஜமான சான்றிதழ். குடும்பம்னு சொல்ற ஒருத்தருக்குச் சொந்தக்காரங்களே இல்லன்னா யோசிங்க.

ரெண்டாவது, பட்டத்தை யார் சொல்றாங்கன்னு கவனிங்க. அடுத்தவங்க அவரை மரியாதையா அழைச்சா அது வேற. அவரே பேனர்ல போட்டுக்கிட்டா வேற.

மூணாவது, பணம். சிவப்பு உறை மரபுதான். அது மனசார வைக்கிற காணிக்கை. ரேட் கார்டு போட்டு, "வெள்ளிச் சீடர் இவ்வளவு, தங்கச் சீடர் இவ்வளவு"ன்னா அது சேல்ஸ். அதோட, அந்தச் சடங்கு உங்களை எதுக்குக் கட்டுதுன்னு மட்டும் பார்க்காதீங்க, அவரை எதுக்குக் கட்டுதுன்னு கேளுங்க. சடங்குக்கு அப்புறம் எனக்கு எதைச் சொல்லிக் கொடுப்பீங்க, எப்படின்னு மரியாதையாவே கேட்கலாம். இருதரப்புக் கடமை இல்லாத பாய்ஷி பாதிச் சடங்குதான். வேற எங்கயும் போகக் கூடாது, யார்கூடவும் பழகக் கூடாதுன்னு மட்டும் சத்தியம் வாங்கினா, எழுந்து வந்துடுங்க.

நாலாவது, பரம்பரை ஒரு அறிவு எங்கிருந்து வந்ததுன்னு சொல்லும். அடி எப்படி விழும்னு சொல்லாது. மா பாவ்குவோ கேஸ்ல நாம பார்த்தது அதைத்தான். அதை நீங்க கிளாஸ்ல, எதிர்க்கிற ஆளோட பயிற்சி பண்ணித்தான் தெரிஞ்சுக்கணும்.

இவ்வளவும் கேட்டு, பதில் திருப்தியா இருந்து, அந்த மனுஷர்கிட்ட இன்னும் பத்து வருஷம் கத்துக்கணும்னு தோணினா, தாராளமா தேநீர் கொடுங்க. அது அழகான சடங்கு. தோணலைன்னா மாணவராவே இருங்க, அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. மூணு வருஷமா நீங்க கத்துக்கிட்டது உங்க கையிலயும் கால்லயும் இருக்கு. சடங்கு நடந்தாலும் நடக்காட்டியும் அதை யாரும் திருப்பி வாங்க முடியாது.

என்ன முடிவு பண்ணீங்கன்னு மறுபடியும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. மத்தவங்களும், உங்க கிளாஸ்ல இந்த மாதிரி அண்ணன், சித்தப்பா கதை இருந்தா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.